நகத்தில் இருந்த காவி

பெயின்ட் வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. உங்கள் தலைத் திவசத்துக்காக அடித்தது. கூடம், சமையலறை, வெளிச்சுவர் எல்லாம் முடித்துவிட்டுப் பின்பக்கம் போன பெயின்டர், குழாயடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "மேடம், யே பீ மார்னா ஹை க்யா?" இதையும் அடிக்க வேண்டுமா என்கிறார். குழாய்க்கு மேலே சுவர் பூராவும் உங்கள் கைக்காவி. அக்கி எழுதி முடித்துக் கை கழுவ வருகிற மனுஷன், கழுவுவதற்கு முன்னால் கட்டைவிரலைச் சுவரில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பீர்கள். அங்கே தேய்க்காதீர்கள், அசிங்கமாக இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அந்த இடமே துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அடித்துவிடுங்கள் என்றேன். பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவள் போலப் பக்கத்திலேயே நின்றேன். முதல் பூச்சில் மங்கியது. அடுத்ததில் போயே போய்விட்டது. நெஞ்சுக்குள் ஏதாவது அசையுமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் உள்ளே போய் உலை வைத்தேன்.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருந்தேன். துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கமென்றால் அது ஒரு சாமான், இருந்தால் எடுத்துக் காட்டலாம். என்னிடம் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடம் போனேன், பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு நடத்தினேன், வருகிற வழியில் மீன் வாங்கினேன். உங்களுக்குப் பிடிக்காத மீன் என்ற நினைப்புகூட வரவில்லை. கூட வேலை பார்க்கிற டீச்சர்கள், "ஒரு தடவ வாய்விட்டு அழுதுருங்க டீச்சர், அப்பதான் சரியாப் போகும்" என்றார்கள். சரி, கஷாயம் குடிக்கிற மாதிரி இதையும் செய்துவிடலாம் என்று ஒரு நாள் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

வாசலுக்கு வந்தவர்களிடமும் அப்படித்தான் பேசினேன். உங்கள் சாவு தெரியாத ஒரு பெங்காலி அம்மாள் பஸ் மாறி பஸ் ஏறி வந்து, "அன்னா கர் மே ஹை?" என்று கேட்டாள், அண்ணன் வீட்டில் இருக்கிறாரா என்று. முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். கொப்புளம் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தது. அன்னா இல்லை, இறந்துவிட்டார் என்றேன், ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்கிற குரலில். பாவம், அந்த அம்மாள்தான் அழுதாள். தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று சொல்லி அனுப்பினேன்.

மெயின்லேண்டில் மானாமதுரைப் பக்கம் பிறந்தவள் நான். விலாவிலோ இடுப்பிலோ அக்கி கிளம்பி நெருப்பாய் எரிந்தால் குயவர் வீட்டுக்குப் போய், காவிக்கல்லைக் குழைத்துச் சிங்கம் எழுதிக்கொண்டு வருவார்கள் என்பது எங்கள் ஊரிலும் உண்டுதான். ஆனால் கட்டிக்கொண்டு போகிற வீடே அந்த வீடாக இருக்கும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அந்தமானில் கவர்ன்மென்ட் வேலை, கப்பலில் லஷ்கர் என்றார்கள். கப்பல் என்றதும் நானும் என்னவோ நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால் சாத்தம் ஜெட்டிக்கும் பம்பூ ஃப்ளாட் ஜெட்டிக்கும் லாரியையும் ஸ்கூட்டரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் போய் வருகிற ஃபெர்ரி. கயிறு வீசிக் கட்டுவதும் அவிழ்ப்பதும் உங்கள் வேலை.

உங்கள் கொள்ளுத்தாத்தா கைதியாக இந்தத் தீவுக்கு வந்தவர். என்ன குற்றம் என்று கேட்டால் உங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வீர்கள். பானை வனைவதை அந்தக் காலத்திலேயே விட்டுச் செங்கல் சூளைக்குப் போய், அப்புறம் மர மில்லுக்குப் போய், அப்புறம் ஃபெர்ரிக்கு வந்த குடும்பம். அக்கி எழுதுகிற கை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும். உங்கள் காலத்தில் அது உங்களிடம் இருந்தது.

அதோடு ஒரு சட்டமும் வந்தது. அக்கியோடு வந்தவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, கை வைத்திருப்பவர் சோறு தின்னக் கூடாது. என்ன நேரம் பார்த்துத்தான் வருவார்களோ. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைவீர்கள், வெளியே கேட் சத்தம் கேட்கும். எழுந்துவிடுவீர்கள். தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். "நீங்க என்ன டூட்டி டாக்டரா?" என்று ஒரு நாள் கத்தினேன். "டாக்டருக்காச்சும் லீவு உண்டு" என்று சொல்லிக்கொண்டே காவிக்கல்லைத் தேடினீர்கள். எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியையே தூக்கிப் போட்டிருப்பேன். நல்ல மீன், மனசு வரவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சிங்கம் எழுத வராது. பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள் என்று அத்தனை ஜனமும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஈர்க்குச்சியைக் காவியில் தொட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவீர்கள். முடித்த பிறகு பார்த்தால் விலாவில் ஒரு பூனை படுத்திருக்கும். "எங்க ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க இதவிட நல்லாப் போடும்" என்பேன். "அக்கிக்குத் தெரிஞ்சாப் போதும் சிங்கம்னு" என்பீர்கள். எழுதி முடித்ததும் எல்லோரிடமும் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையும் வாங்கிக்கொள்ளச் சொல்வீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் தொடவே மாட்டீர்கள், முதலில் ஆஸ்பத்திரி போ என்று ஆட்டோவுக்குக் கூப்பிடுவீர்கள். அந்த ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை வந்ததில்லை.

அந்தக் கை எப்படி ஆள் மாறும் என்பதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிது. உங்கள் அப்பா கட்டிலோடு இருந்தார். உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டைவிரலில் காவியைத் தொட்டு, உங்கள் உள்ளங்கை நடுவில் வைத்து அழுத்தினார். நீங்கள் விரல்களை மூடிக்கொண்டீர்கள். மந்திரம் எதுவும் இல்லை, ஒரு வார்த்தை பேச்சு இல்லை. அதற்கப்புறம் அவர் யாருக்கும் எழுதவில்லை. உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளோடு போய்விடும் என்று உங்கள் தம்பி எனக்கு விளக்கினார். அவருக்கு அப்போது மீசை முளைத்துக்கொண்டிருந்தது. அப்பா தன்னைக் கூப்பிடுவார் என்று நினைத்து அவரும் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றிருந்தார். நான் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

அதே மாதிரி நீங்கள் என் உள்ளங்கையில் அழுத்தியது கப்பலில். நம் மகள் பிறப்பதற்காக என்னை ஊருக்குக் கொண்டுபோனீர்களே, அந்தப் பயணம். பங்க் கிளாஸ். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, எல்லாரும் வாந்தி. நானோ ஏற்கெனவே வயிற்றுப்பிள்ளைக்காரி. செத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. என்னை டெக்குக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, என் கையை இழுத்து உள்ளங்கை நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினீர்கள். மற்ற விரல்களால் என் விரல்களை மூடினீர்கள். அந்த நிலைமையிலும் எனக்குக் குறும்பு. "என்னங்க, அக்கிக் கைய எனக்குக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்குக் காவி வேணும். இது சும்மா. மூடிக்க, தூரத்தப் பாரு" என்றீர்கள்.

வயிறு அடங்கிற்றா என்று கேட்டால், அடங்கிற்று. அழுத்தத்தாலா, அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே என்கிற கூச்சத்தாலா, தெரியாது. தரையில் நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பஜாருக்குப் போனால் முன்னால் நடந்துகொண்டே இருப்பீர்கள், நான் பின்னால் ஓடி வர வேண்டும். கப்பல் ஜெட்டியை விட்டு நகர்ந்த பிறகுதான் என் கை உங்களுக்கு ஞாபகம் வரும். ஒவ்வொரு லீவுக்கும், ஒவ்வொரு கப்பலிலும், கட்டைவிரலை நடுவில் வைத்து அழுத்தி, மூடிவிட்டு, தூரத்தைப் பார்க்கச் சொல்வீர்கள். பிற்பாடு பிளேனில் போக ஆரம்பித்தோம். பிளேனில் நீங்கள் ஜன்னலைத்தான் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள். பேச முடியவில்லை. விரலில் மாட்டுகிற கிளிப்பை நர்ஸ் எடுத்து வந்து உங்கள் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "இந்த நகத்துல கலர் இருக்கு, வேற விரல்ல போடுறேன்" என்றாள். நகக்கண்ணில் ஊறிப்போன காவி. எந்த சோப்புக்கும் போகாதது. உங்கள் தம்பி வடக்கே லாங் ஐலண்ட் தீவிலிருந்து முதல் படகைப் பிடித்து வந்து சேர்ந்தார். சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். எங்கள் இருவரையும் பார்த்தீர்கள். என் கையைத் தேடினீர்கள். உள்ளங்கை நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினீர்கள். விரல்களை மூடுகிற அளவுக்குத் தெம்பு இல்லை. நானே மூடிக்கொண்டேன். பிறகு உங்கள் கை தளர்ந்தது. அதற்கப்புறம் நீங்கள் கண்ணைத் திறக்கவே இல்லை.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உங்கள் தம்பி என்னிடம் சொன்னார். "அண்ணன் உங்ககிட்ட குடுத்துருச்சு மதினி. நான் கண்ணால பாத்தேன். நீங்க மூடிக்கிட்டீங்க." அழுதுகொண்டேதான் சொன்னார். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். காடு போய்ச் சேருவதற்குள் சொந்தம் பூராவும் பரவிவிட்டது. மருமகளுக்குக் கை வந்தது இதுதான் முதல் தடவை என்று வந்தவர்களெல்லாம் என் வலது கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கருமாதி அன்றைக்கு மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன். "காவி இல்லயே தம்பி."

"அண்ணன் நகத்துல காவி என்னைக்கு மதினி இல்லாம இருந்துச்சு? நர்ஸம்மாவே சொன்னாங்கள்ல" என்றார். நகத்தில் இருந்தது காவிதான்.

கப்பலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கொழுந்தனிடம் போய், உங்கள் அண்ணன் கப்பலில் என் கையைப் பிடித்துக்கொள்வார் என்றா? பேரன் எடுக்கிற வயதில், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் சொல்கிற பேச்சா அது? நம் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அது நமக்குள் இருந்தது. உங்களிடமே கூட நான் அதைப் பற்றித் தரையில் நின்று பேசியதில்லை.

கூச்சம் மட்டும் என்றால் பொய். எனக்கே நிச்சயமில்லை. உங்கள் தம்பி சொல்வது நிஜமாக இருந்தால்? கடைசியாக நீங்கள் என்னைத் தொட்டது குடும்பக் கடமைக்காக என்று ஆகும். பிசைந்த சோற்றை விட்டுவிட்டு எழுந்து போவீர்களே, அதே மாதிரி என்னையும் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள் என்று ஆகும். அது கப்பல் அழுத்தமாக இருந்தால் அது என்னுடையது. இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் எதற்கு அழ முடியும்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்ப்பேன். எதை நினைத்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. அந்தக் கையால் சாக்பீஸ் பிடித்தேன், காய் நறுக்கினேன், வீடு பெருக்கினேன்.

கை வாங்கியவர் கொடுத்தவரின் தலைத் திவசம் முடிவதற்குள் ஒருவருக்காவது எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நிற்காது என்று உங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறதாமே. நீங்கள் சொன்னதில்லை. உங்கள் தம்பி போன் பண்ணும்போதெல்லாம் கேட்டார். "யாராச்சும் வந்தாங்களா மதினி? எழுதினீங்களா?" வந்தார்கள் தம்பி, அனுப்பிவிட்டேன் என்பேன். "பாவம் ஜனங்க மதினி" என்பார். வைத்துவிடுவார்.

போன மாதம் காதர் பாய் வந்தார். பஜாரில் தன் பாத்திரக் கடையில் நீங்கள் வேலை முடிந்து போய் உட்காருகிற அதே ஸ்டூலில் இப்போது யாரும் உட்காருவதில்லை என்றார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். அக்கி, வலது விலாவில். "மாத்திர போட்டுட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி. கொப்புளம் காஞ்சிருச்சு. எரிச்சல்தான் போக மாட்டேங்குது. போன தடவ அவன் வந்து எழுதினான். அதுல அடங்குச்சோ, தானா அடங்குச்சோ, நான் தூங்கினேன். உங்ககிட்ட குடுத்துருக்கான்னு சொன்னாங்க." நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் போனார். எரிச்சலில் கோணிக்கொண்டே படி இறங்கினார். உங்கள் சிநேகிதர், உங்களுக்காக வாய்மூடிப் போகிறார் என்று தெரிந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் தம்பிக்கு எப்படியோ சேதி போய், திவசத்தன்றைக்கு வரச் சொல்லி அவரே பாயிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னதும் அவர்தான்.

முந்தாநாள் திவசம். ஐயர் முடித்துவிட்டுப் போனார். காக்காய்க்கு வைத்தாயிற்று. இன்னும் இலை போடவில்லை, சொந்தக்காரர்கள் கூடத்தில் இருந்தார்கள், நம் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். உங்கள் தம்பி கிழக்கே பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதில் காதர் பாயை உட்கார வைத்தார். பாய் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டார். பித்தளைத் தட்டில் காவியை உங்கள் தம்பியே குழைத்து எடுத்து வந்தார். எவ்வளவு பதமாகக் குழைத்திருந்தார் தெரியுமா, ஒரு கட்டி இல்லை. உங்களுக்குக்கூட அந்தப் பதம் வந்ததில்லை. தட்டை என் முன்னால் நீட்டி, "எடுங்க மதினி. தொட்டுக்கங்க" என்றார்.

கையை நீட்டினேன். நிஜமாகத்தான், எழுதிவிடலாம் என்றுதான். என்ன குறைந்துவிடப்போகிறது, ஒரு பூனை போட எனக்கும் தெரியும். காவிக்கு மேலே கட்டைவிரல் போய் நின்றது. தொட்டுவிட்டால் அந்த அழுத்தம் கொடுத்ததாகத்தான் ஆகிவிடும், இனிமேல் வேறொன்றாக ஆகாது என்று அந்த இடத்தில் தோன்றியது. கை நின்றுவிட்டது.

"தம்பி, இது கை குடுத்தது இல்ல" என்றேன். "எனக்குக் கப்பல்ல ஆகாது. வாந்தி எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் உங்க அண்ணன் என் கையில இப்படித்தான் அழுத்திப் பிடிச்சுப்பாரு. தூரத்தப் பாருன்னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில பண்ணினதும் அதுதான். அது எனக்கு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யாரோ ஒரு பெரியம்மா இருமினார். நம் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் தம்பி தட்டைக் கீழே வைக்கவில்லை.

"வருசம் முழுக்க இதச் சொல்ல வாய் வரலயா மதினி?"

"வரல தம்பி."

"அப்ப அண்ணன் எனக்குக் குடுக்காமலேயா போயிருச்சு?" என்றார். "நான் பக்கத்துலதான உக்காந்துருந்தேன்."

அப்பாவின் கட்டிலுக்குப் பிறகு, அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நின்ற இரண்டாவது தடவை அது. என் கைக்கு வந்தது என்று நம்பியதால்தான் அவரால் இத்தனை நாள் தாங்க முடிந்திருக்கிறது. குடும்பத்தில்தானே இருக்கிறது, அண்ணன் என்னை ஒதுக்கவில்லை, மதினிக்குக் கொடுத்தார் என்று. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். காதர் பாய்தான் எழுந்து பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "விடு தம்பி. அவங்களுக்குக் குடுத்தத அவங்க வச்சுக்கட்டும். வா, எல போடலாம்" என்றார். எரிச்சல் அவருக்கு அப்படியே இருந்திருக்கும்.

நான் சமையலறைக்குப் போனேன். அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தேன். அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் நான் இருந்தேன், அந்தப் பக்கம் தம்பி இருந்தார். உங்களுக்குத் தெரியும் அவர் அங்கே இருப்பது, கண்ணைத் திறந்து அவரையும்தான் பார்த்தீர்கள். ஒரே ஒரு அழுத்தத்துக்குத்தான் உங்களிடம் தெம்பு மிச்சமிருந்தது. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வந்த கையை அப்படியே போட்டுவிட்டு, எனக்கு வயிற்றைப் பிரட்டுமே என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வாழ்நாள் பூராவும் வாசல், வாசல் என்று ஓடிய மனுஷன். கடைசியில் எழுந்து போகவில்லை. என்னோடு உட்கார்ந்துவிட்டீர்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக. நம் மகள் ஓடி வந்தாள். எதற்கு என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. பாவி மனுஷா, உங்கள் தம்பிக்கும் ஒரு அழுத்தம் வைத்திருக்கக் கூடாதா என்று உங்களைத் திட்டினேன். திட்டவும் அழவும் ஒரே நேரத்தில் வந்தது. சாப்பிடாமலே கொஞ்சம் பேர் போய்விட்டார்கள். போகட்டும்.

இன்று விடியற்காலையில் உங்கள் தம்பியை வழியனுப்ப ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனேன். முந்தாநாளிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்பக்கம் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். லாங் ஐலண்ட் படகுக்கு ஜனம் வரிசையில் நின்றது. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே கேட்டார். "கப்பல்ல அண்ணன் எப்படி மதினி பிடிக்கும்?"

நான் அவர் வலது கையை வாங்கினேன். உள்ளங்கை நடுவில் என் கட்டைவிரலை வைத்து, நீங்கள் அழுத்துகிற அளவுக்கு அழுத்தினேன். அவர் விரல்களை மூடிவிட்டேன். "இப்படித்தான் தம்பி. தூரத்தப் பாரு, அப்படின்னு சொல்லுவாரு" என்றேன்.

அவர் மூடிய கையைத் திறக்காமலே பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு படகில் ஏறினார். படகு விலகி வெளியே போகிற வரைக்கும் நின்றேன். இனி இந்த வீட்டில் அக்கி எழுதுகிறவர் இல்லை. வாசலுக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும், சொல்லும்போது இனிமேல் என் குரல் உடையும். என் கையில் நீங்கள் அழுத்திய இடம் இருக்கிறது என்னங்க. தம்பிக்கு அழுத்திக் காட்டிய பிறகும் இருக்கிறது.